லீக்ஸ் வளர்ப்பு: நீண்ட வெள்ளைத் தண்டுக்கான முழுமையான வழிகாட்டி

லீக்ஸ் வெங்காயக் குடும்பத்துப் பயிர். ஆனால் வெங்காயத்தைப்போல மண்ணுக்குள் குமிழ் வைக்காது. நாம் அரிந்து சமைக்கும் வெள்ளைப் பகுதி பார்க்கத் தண்டுபோல இருக்கும், ஆனால் தண்டு அல்ல. ஒன்றுக்குள் ஒன்றாக இறுகச் சுருண்டிருக்கும் இலைகளின் அடிப்பகுதிதான் அது. உண்மையான தண்டு வேருக்கு நேர் மேலே தட்டையான வில்லையாக உட்கார்ந்திருக்கும் (வசதிக்காகக் கீழே அந்த வெள்ளைப் பகுதியையே தண்டு என்கிறேன்). புது இலைகள் அங்கிருந்து நடுவில் முளைத்து, பழைய இலைகளை வெளியே ஒதுக்கிக்கொண்டு மேலேறும்.

இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த வெள்ளை நிறம் வெளிச்சம் படாததால் வருவது. வெயில் பட்ட இடம் பச்சையாகித் தடித்துவிடும். இருட்டில் இருந்த இடம் வெளுத்து, மென்மையாக, லேசான இனிப்போடு இருக்கும். ரகத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் ஒரே பொட்டலத்து விதையில் ஒருவருக்கு 5 செ.மீ. வெள்ளையும் இன்னொருவருக்கு 25 செ.மீ. வெள்ளையும் கிடைப்பது, நட்ட ஆழத்தாலும் மண் அணைத்த விதத்தாலும்தான். கீழே வரும் வேலைகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றுக்காகவே.

காலத்தைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

லீக்ஸ் அவசரப்படுகிறவர்களுக்கான பயிர் அல்ல. நாற்றங்காலில் 8 முதல் 10 வாரம். நட்ட பிறகு குறுகிய கால ரகங்களுக்கு 75 முதல் 90 நாள், நீண்ட கால ரகங்களுக்கு 120 முதல் 150 நாள். ஆக, விதைத்ததிலிருந்து கைக்கு வர நாலரை முதல் 7 மாதம் ஆகும்.

பகல் வெப்பம் 13 முதல் 24 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் காலத்தில்தான் தண்டு நன்றாகப் பருக்கும். அந்தக் குளிர்ச்சியான மாதங்கள் உங்கள் பகுதியில் எவை என்று முதலில் பாருங்கள். பயிரின் கடைசி மூன்று மாதங்கள் அதற்குள் விழும்படி விதைக்கும் நாளைப் பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள். உறைபனி விழும் இடமென்றால் குளிர்காலம் முடியும் தறுவாயில் வீட்டுக்குள் விதைத்து, வசந்தத்தின் கடைசியில் வெளியே நட்டு, இலையுதிர் காலம் தொட்டு அறுவடை செய்யலாம். கோடை கடுமையாகவும் குளிர்காலம் இதமாகவும் இருக்கும் இடமென்றால், கோடையின் கடைசியில் நிழலில் நாற்று விட்டு, வெயில் தணிந்ததும் நடுவதே சரி. கடும் வெயிலில் நட்ட லீக்ஸ் சாகாது, ஆனால் வளர்ச்சி அப்படியே நின்றுவிடும். பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் விரல் தடிமனைத் தாண்ட வைப்பது கடினம்.

ரகம்

குளிர்ச்சியான காலம் உங்களுக்குக் குறைவா, அதிகமா? ரகத்தை அதை வைத்தே தேர்ந்தெடுங்கள். கிங் ரிச்சர்ட் குறுகிய காலத்தில் வரும் ரகம். தண்டு நீளமாகவும் ஒல்லியாகவும் இருக்கும், ஆனால் கடும் பனியைத் தாங்காது. மசல்பரோ ஸ்காட்லாந்தின் பழைய ரகம். தண்டு குட்டை, பருமன் அதிகம், பனியிலும் நிற்கும். பிரான்சின் காரன்தான் குட்டையாகவும் மிகத் தடிமனாகவும் வரும். ப்ளூ த சொலேஸ் என்பதும் பிரெஞ்சு ரகம்தான். நீலம் பாய்ந்த இலைகள் குளிரில் ஊதாவாக மாறும். முதல்முறை வளர்ப்பவர்களும் வெயில் அதிகமுள்ள இடத்தில் இருப்பவர்களும் குறுகிய கால ரகத்தில் தொடங்குவது நல்லது.

விதை வாங்கும்போது விலையைவிட ஆண்டைப் பாருங்கள். வெங்காயக் குடும்ப விதைகளுக்கு ஆயுள் குறைவு. முதல் ஆண்டில் நன்றாக முளைக்கும், இரண்டாம் ஆண்டில் குறையும், மூன்றாம் ஆண்டு விதையை நம்பி நாற்றங்கால் போட முடியாது. "விதைத்தேன், முளைக்கவில்லை" என்ற புகாரில் பெரும்பாலும் பழைய விதையோ, அதிகச் சூடோதான் காரணமாக இருக்கும்.

விதைப்பு

ஒரு கிராமில் ஏறக்குறைய 350 விதைகள் இருக்கும். ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு 22 நாற்று போதும். முளைக்காதது, மெலிந்தது எல்லாம் கழித்தாலும் 40 விதை தாராளம்.

10 செ.மீ. ஆழமுள்ள ஒரு தட்டையோ அகலமான தொட்டியையோ எடுத்துக்கொள்ளுங்கள், அடியில் தண்ணீர் வடிய ஓட்டை அவசியம். தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, சலித்த மட்கு உரம் ஒரு பங்கு கலந்து நிரப்பி, கையால் லேசாக அழுத்திச் சமன்படுத்துங்கள். நடவு தாமதமாகும் பயிர் என்பதால் சின்னக் குழித்தட்டைவிட ஆழமான தட்டே எனக்குச் சரியாகப் படுகிறது. சின்னக் குழியில் வேர் ஆறாவது வாரத்திலேயே சுற்றத் தொடங்கிவிடும்.

1 செ.மீ. ஆழத்தில் கோடு இழுத்து, விரல் அகலத்துக்கு ஒரு விதையாகப் போட்டு மூடுங்கள். கோட்டுக்குக் கோடு 5 செ.மீ. விட்டால் போதும். பூவாளியால் மெல்லத் தண்ணீர் தெளித்து, மேலே ஈரச் சாக்கு போட்டு வையுங்கள்.

முளைக்க ஏற்ற வெப்பம் 18 முதல் 22 டிகிரி. அந்த வெப்பத்தில் 7 முதல் 14 நாளில் முளை தெரியும், குளிர் கூடினால் மூன்று வாரம்கூட ஆகும். 27 டிகிரிக்கு மேல் போனால் முளைப்பு சட்டென்று குறைந்துவிடும். அதனால் வெயில் காலத்தில் விதைத்தால் தட்டை வீட்டிலேயே குளிர்ச்சியான மூலையில், தரையோடு வைத்திருங்கள்.

முளை நேராக எழும்பாது. மடித்த முழங்கால்போல வளைந்த ஒரு பச்சைக் கொக்கி முதலில் மண்ணை விலக்கிக்கொண்டு தெரியும். நுனி இன்னும் உள்ளேயே விதைத்தோலில் மாட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று நாளில் கொக்கி நிமிரும்போது கறுப்பு விதைத்தோல் நுனியில் தொப்பிபோல ஒட்டிக்கொண்டு மேலே வரும். அதைக் கையால் பிய்க்காதீர்கள், நுனியும் சேர்ந்து போய்விடும். தானாக உதிரும். முதல் கொக்கி தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிடுங்கள். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளுத்து நீண்டுவிடும்.

நாற்றைத் தேற்றுவது

முளைத்தபின் நாளுக்கு ஆறு மணி நேரமாவது நல்ல வெளிச்சம் வேண்டும். மண்ணின் மேற்பரப்பு காயத் தொடங்கியபின் தண்ணீர் விடுங்கள். எப்போதும் சொதசொதவென்று வைத்திருந்தால் தரையோடு தண்டு நைந்து நாற்று சாயும். இதுதான் நாற்றழுகல். இதற்கு மருந்து தேடுவதைவிட நெருக்கத்தைக் குறைத்து, காலையில் மட்டும் தண்ணீர் விட்டு, காற்றோட்டமாக வைப்பது பலன் தரும்.

மூன்றாவது வாரம் நெருக்கமான இடங்களில் மெலிந்ததைக் கத்தரியால் நறுக்கிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும். நான்காவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மண்புழு உரத்தைப் பத்து மடங்கு தண்ணீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டிய நீரை ஊற்றலாம்.

இலை நீண்டு தொங்கினால், நுனியை வெட்டி 10 செ.மீ. உயரத்தில் நிறுத்தலாம் என்று பலர் சொல்வார்கள். நாற்று நெருக்கமாக இருந்து, இலைகள் விழுந்து பின்னிக்கொள்கிற நேரத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். இலைதான் செடிக்கு உணவு சமைக்கிற இடம். காரணமில்லாமல் வெட்டினால் செடி சற்று பின்தங்கவே செய்யும்.

பென்சில் தடிமனும் 15 முதல் 20 செ.மீ. உயரமும் வந்தால் நாற்று நடவுக்குத் தயார். அதைவிட மெல்லியதை ஆழக்குழியில் இறக்கினால் மண்ணுக்குள் மறைந்துபோகும். நடவுக்கு ஒரு வாரம் முன்னாலிருந்து தட்டைப் பகலில் வெளியே வைத்து, நாளுக்கு நாள் வெயிலைக் கூட்டிப் பழக்குங்கள்.

நாற்று பென்சிலைத் தாண்டித் தடித்த பிறகு, 10 டிகிரிக்குக் கீழான குளிரில் பல வாரம் நின்றால், குளிர்காலம் கடந்துவிட்டதாகச் செடி எடுத்துக்கொள்ளும். லீக்ஸ் இரண்டாண்டுப் பயிர். குளிரைக் கடந்ததும் பூப்பதுதான் அதன் இயல்பு. இளம் வயதில் அந்தக் குளிர் பட்டால் தண்டு பருக்கும் முன்பே பூந்தண்டு விடும். குளிர்ப் பகுதியில் சீக்கிரமே வெளியே நட்டுவிட்டவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

பாத்தி

நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் வெயில் விழும் இடம் வேண்டும். கடும் வெயில் பகுதியில் பிற்பகல் நிழல் உதவும். 35 சதவீத நிழல்வலையும் கட்டலாம். முந்தைய மூன்று, நான்கு ஆண்டுகளில் வெங்காயம், பூண்டு, லீக்ஸ் எதுவும் விளையாத இடமாக இருக்கட்டும்.

மண்ணை 30 செ.மீ. ஆழத்துக்குக் கொத்திக் கட்டியை உடைத்து, கல்லைப் பொறுக்கிவிடுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு 10 லிட்டர் வாளியில் ஒரு வாளி நன்கு மட்கிய தொழுவுரம் அல்லது மட்கு, 100 கிராம் வேப்பம் பிண்ணாக்கு சேர்த்துக் கிளறி, இரண்டு வாரம் ஆறவிடுங்கள். மட்காத எருவைப் போடக் கூடாது. அது வேர்ப்புழு ஈக்களை வரவழைக்கும், வேரையும் சுடும். மண்ணின் கார அமில அளவு (pH) 6 முதல் 7 வரை இருந்தால் நல்லது. களிமண் என்றால் மட்கைக் கூடுதலாகப் போட்டு, பாத்தியை 15 செ.மீ. உயர்த்தி அமையுங்கள். லீக்ஸ் ஈரத்தை விரும்பும், தேங்கிய தண்ணீரைத் தாங்காது.

நடவு: குழியும் தண்ணீரும்

முழுப் பயிரிலும் மிக முக்கியமான நாள் இதுதான்.

முதல் நாள் மாலையே நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட்டுவிடுங்கள். நடவு மாலையில் இருக்கட்டும், அல்லது மேகமூட்டமான நாளாகப் பாருங்கள். தட்டைக் கவிழ்த்து, வேர்களை மெல்ல உதறிப் பிரித்தெடுங்கள். மண் உதிர்ந்து வேர் வெறுமையாக இருந்தாலும் பரவாயில்லை, லீக்ஸ் அதைத் தாங்கும். வேர் மிக நீளமாகி, குழியில் மடங்கி மேலே திரும்பும் என்றால் மட்டும் 3 செ.மீ. அளவுக்குக் கத்தரியுங்கள்.

மண்வெட்டிப் பிடி தடிமனுள்ள ஒரு கம்பின் நுனியைச் சீவி, 15 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஈரப் பாத்தியில் கம்பைக் கோடு வரை குத்தி, சற்றே சுழற்றி உருவினால் 4, 5 செ.மீ. அகலத்தில் ஒரு குழி நிற்கும். செடிக்குச் செடி 15 செ.மீ., வரிசைக்கு வரிசை 30 செ.மீ. இடைவெளி விடுங்கள். மெல்லிய தண்டு போதும் என்றால் 10 செ.மீ. இடைவெளியிலும் நடலாம்.

ஒரு குழிக்கு ஒரு நாற்று. வேர் அடியைத் தொடும்வரை இறக்குங்கள். வேர் மாட்டிக்கொண்டால் நாற்றைச் சற்றுச் சுழற்றி, ஒருமுறை உயர்த்தி இறக்கினால் வேர் கீழே நீளும். மேலே இலை நுனி 5 செ.மீ. அளவுக்குத் தெரிந்தால் போதும்.

இனி, மண் தள்ளி மூடாதீர்கள். குழியில் தண்ணீர் மட்டும் விளிம்பு வரை ஊற்றுங்கள். தண்ணீர் கலங்கி, ஒரு சுழல் சுழன்று மெல்ல இறங்கும். கூடவே குழியின் ஓரத்திலிருந்து நைந்த மண் கரைந்து வேர் மேல் படியும். நாற்று கொஞ்சம் சாயும். அப்படியே விடுங்கள். வேரை மூட அந்தச் சேறு போதும். மீதிக் குழி திறந்தே இருக்க, வரும் வாரங்களில் தண்ணீரும் மழையும் சிறிது சிறிதாக மண்ணைச் சரித்து நிரப்பும். அதற்குள் நாற்றும் தடித்துவிடும். தொடக்கத்திலேயே மண்ணை அழுத்தி மூடினால் இளம் இலைகள் பருக்க இடமின்றி நெருங்கும், இலை இடுக்கில் மண்ணும் ஏறிவிடும். குழி முறை, ஒரு வேலையும் கூடுதலாகச் செய்யாமல் முதல் 15 செ.மீ. வெள்ளையைத் தந்துவிடுகிறது.

மணல் மண்ணில் குழி நிற்காது, கம்பை உருவியதுமே சரியும். அங்கே 15 செ.மீ. ஆழத்தில் நீளமான சால் பறித்து, அடியில் நாற்றை நட்டு, எடுத்த மண்ணை ஓரத்தில் குவித்து வையுங்கள். செடி உயர உயர அந்த மண்ணையே சாலுக்குள் தள்ளலாம்.

முதல் வாரம் மழை இல்லாவிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர். வெளி இலை ஒன்றிரண்டு மஞ்சளாகும், பயம் வேண்டாம். நடுவிலிருந்து புது இலை நீண்டால் வேர் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

மண் அணைத்தல்

குழி தானாக மூடிக்கொண்டு, தண்டு கட்டைவிரல் தடிமனை நெருங்கும்போது மண் அணைக்கத் தொடங்குங்கள். நட்டு ஆறு வாரம் வாக்கில் இது வரும். இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் 5 செ.மீ. அளவு. இரண்டு தடவை அணைத்தாலே குழி ஆழத்தோடு சேர்த்து 25 செ.மீ. வெள்ளைக்கு வழி கிடைத்துவிடும்.

எதுவரை அணைக்கலாம் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். தண்டின் மேலே இலைகள் இரு பக்கமும் விசிறிபோலப் பிரியும் இடம் ஒன்று இருக்கும். அந்தக் கவைக்கு ஒரு விரல் கீழேயே மண் நிற்க வேண்டும். கவைக்குள் ஒரு பிடி மண் விழுந்தாலும் அடுத்த மழை அதைச் சுருளுக்குள் இறக்கிவிடும். அறுவடையன்று குறுக்கே வெட்டிப் பார்த்தால் வெள்ளை வளையங்களுக்கு இடையில் கறுப்புக் கோடாக மண் உட்கார்ந்திருக்கும். வாயில் நறநறக்கும் லீக்ஸ் பெரும்பாலும் இப்படித்தான் உண்டாகிறது.

உலர்ந்த, பொலபொலப்பான மண்ணையே பயன்படுத்துங்கள். சேறான மண் காற்றை அடைத்து அழுகலை வரவழைக்கும். கொத்தைத் தண்டுக்கு அருகில் ஆழமாகப் போடாதீர்கள். வேர்கள் மேலாகவே பரவியிருக்கும். வரிசை நடுவிலிருந்து மண்ணை இழுத்துக் கையால் அணைப்பது பாதுகாப்பு.

மண் படாமல் சுத்தமான தண்டு வேண்டுமென்றால் அட்டைக் குழாயோ, 7, 8 செ.மீ. அகலமுள்ள குழாய்த் துண்டோ செடியில் மாட்டி, வெளிப்புறம் மட்டும் மண் அணைக்கலாம். தடித்த தாளை இரண்டு சுற்று சுற்றி நூலால் தளரக் கட்டினாலும் சரி. வைக்கோலை அடர்த்தியாக மூடாக்குப் போட்டும் வெளுக்க வைக்கலாம். மழை அதிகமான இடத்தில் குழாய்க்குள் நத்தை தங்கும், வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.

தண்ணீர், உரம், களை

வாரத்துக்கு 2.5 செ.மீ. தண்ணீர், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 25 லிட்டர், இரண்டு தவணையாக. வெயில் கூடினால் மூன்று தவணை. விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். இரண்டு கணு ஆழத்திலும் உலர்ந்திருந்தால் தண்ணீர் தாமதமாகிவிட்டது. ஒரு வாரம் காயவிட்டு மறுவாரம் வெள்ளமாக விடுவது தண்டை நாராக்கும், வெளிச்சுற்று வெடிக்கவும் செய்யும்.

இலைப்பயிர் என்பதால் தழைச்சத்து வேண்டும். நட்ட நான்காவது வாரத்திலிருந்து மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை, செடிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் வைத்து, அதன் மேல் மண் அணையுங்கள். இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். தழைச்சத்தை அளவு மீறிப் போட்டால் இலை கருகருவென்று வளரும், ஆனால் துரு நோய் எளிதில் பற்றும். அறுவடைக்கு ஒரு மாதம் முன்பு உரத்தை நிறுத்திவிடுங்கள்.

லீக்ஸ் இலை குறுகலானது, நிமிர்ந்தது. மண்ணை மூடி நிழல் தராது. அதனால் களை தாராளமாக வளரும். நட்ட முதல் இரண்டு மாதம் களையை விட்டுவைத்தால் தண்டு பருக்காது, பின்னால் எடுத்தாலும் அந்த இழப்பு திரும்பாது. வாரம் ஒருமுறை, களை இரண்டு இலை விடும்போதே மேலாகச் சுரண்டிவிடுங்கள்.

தொட்டியில் வளர்க்க

35 முதல் 40 செ.மீ. ஆழமுள்ள தொட்டியோ க்ரோ பேக்கோ எடுங்கள். வாய் 30 செ.மீ. அகலமிருந்தால் ஐந்து செடி வைக்கலாம். தோட்ட மண், மட்கு, தென்னை நார்க்கழிவு மூன்றும் சம பங்கு. தொட்டியை முழுவதும் நிரப்பாமல், 22 செ.மீ. உயரத்துக்கு மட்டும் கலவை போட்டு, அதில் 10 செ.மீ. குழி குத்தி நடுங்கள். செடி வளர வளர, மீதிக் கலவையை மூன்று தவணையாகச் சேர்த்துக்கொண்டே வந்தால் அதுவே மண் அணைப்பு. தொட்டி சீக்கிரம் காயும், நாளும் பார்க்க வேண்டும். உரமும் தண்ணீரோடு கழுவிப்போகும் என்பதால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மண்புழு உர ஊறல் நீர் ஊற்றுங்கள். பாத்திச் செடியின் பருமனை இதில் எதிர்பார்க்க வேண்டாம். 2, 3 செ.மீ. வந்தால் நல்ல விளைச்சல்.

பூச்சியும் நோயும்

இலையில் வெள்ளி பூசியதுபோலக் கீற்றுகள் தெரிந்தால் இலைப்பேன். நடு இலைகளின் இடுக்கை விரித்துப் பாருங்கள், ஒரு மி.மீ. நீளத்தில் மஞ்சள் புள்ளிகள் ஓடும். வறட்சியிலும் வெயிலிலும் பெருகும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினாலே பாதி குறையும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், இரண்டு மூன்று சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளித்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் தெளியுங்கள். இலை மெழுகு பூசியது. சோப்பு சேர்க்காவிட்டால் மருந்து உருண்டு கீழே விழுந்துவிடும்.

இரவில் நாற்று தரையோடு அறுபட்டுக் கிடந்தால் வெட்டுப்புழு. அடியில் 3 செ.மீ. தோண்டினால் சுருண்டு படுத்திருக்கும், எடுத்து அழியுங்கள். இலை மஞ்சளாகி, செடியை இழுத்தால் வேர் இல்லாமல் கையோடு வந்தால் வெங்காய ஈயின் புழு. அந்தச் செடியைப் புழுவோடு சேர்த்துத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள்.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் சில பகுதிகளிலும் லீக் அந்துப்பூச்சியும் இலைத்துளைப்பான் ஈயும் பெரிய தொல்லை. முன்னதன் புழு தண்டுக்குள்ளேயே குடைந்து போகும். பின்னது இலையில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் வைக்கும். பிறகு தண்டுச் சுருளுக்குள் பழுப்பு நிறக் கூட்டுப்புழுவாகத் தங்கும். அது வட அமெரிக்காவில் முதன்முதலாகத் தென்பட்டது 2015இல், பென்சில்வேனியாவில். இவை இரண்டுக்கும் நட்ட நாளிலிருந்தே 0.8 மி.மீ. கண்ணுள்ள பூச்சிவலை போட்டு மூடுவதுதான் நம்பகமான வழி. பூச்சி வந்தபின் வலை கட்டினால் உள்ளேயே பெருகும்.

துரு நோயை அடையாளம் காண்பது எளிது. இலையில் ஆரஞ்சு நிறப் பொடிக் கொப்புளங்கள். தேய்த்தால் விரலில் ஒட்டும். நெருக்கம், ஈரக்காற்று, அதிகத் தழைச்சத்து மூன்றும் சேர்ந்தால் வரும். பட்ட இலைகளை நீக்குங்கள், தண்ணீரை அடியில் மட்டும் விடுங்கள். தண்டைத் தாராளமாகச் சாப்பிடலாம். இந்தப் பூஞ்சை உயிருள்ள செடியில்தான் வாழும் என்பதால் பழைய பாத்தியில் தப்பி நிற்கும் லீக்ஸ், பூண்டுச் செடிகளைப் பிடுங்கிவிட வேண்டும்.

இலையில் ஊதா நடுவுடன் நீள்வட்டப் புண்கள் வந்தால் ஊதாப்புள்ளி நோய். இலை நுனி வெளுத்துத் தாள்போல உலர்ந்தால் வெண்நுனி நோயாக இருக்கலாம். மழையில் மண் தெறிப்பதால் பரவுவது அது. மூடாக்கு போட்டால் தெறிப்பு நிற்கும்.

எல்லாவற்றிலும் கொடியது வெள்ளை அழுகல். வேரடியில் பஞ்சுபோல வெள்ளைப் பூஞ்சை, அதன் மேல் கசகசா அளவில் கறுப்பு மணிகள். இந்த மணிகள் 20 ஆண்டுவரைகூட மண்ணில் உயிரோடு கிடக்கும். வீட்டுத் தோட்டத்தில் இதற்கு மருந்து இல்லை. செடியைச் சுற்றுமண்ணோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், மட்குக் குழியில் போடாதீர்கள். அந்தப் பாத்தியில் வெங்காயக் குடும்பத்தையே நிறுத்திவிடுங்கள். மண்வெட்டியையும் செருப்பையும் கழுவிய பிறகே அடுத்த பாத்திக்குப் போங்கள்.

தண்டு மெலிந்தே நிற்கிறது, ஆனால் நோய் எதுவும் இல்லை என்றால், நெருக்கம், களை, தழைச்சத்துக் குறைவு, மெல்லிய நாற்றை நட்டது என்ற வரிசையில் பாருங்கள். நுனி மட்டும் பழுப்பாகிறது என்றால் தண்ணீர் போதவில்லை, அல்லது தொட்டியில் உப்பு சேர்ந்திருக்கிறது.

அறுவடை

2.5 செ.மீ. தடிமன் வந்ததிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். ஒரே நாளில் அத்தனையையும் எடுக்கத் தேவையில்லை. வேண்டியபோது வேண்டியதை எடுத்து, மற்றதைப் பாத்தியிலேயே விட்டுவைக்கலாம் என்பதுதான் இதன் பெரிய வசதி. ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்தால் எஞ்சியவை பருக்க இடமும் கிடைக்கும்.

இலையைப் பிடித்து இழுக்காதீர்கள். ஆழத்தில் வேரூன்றிய தண்டு நடுவில் ஒடிந்து, நல்ல வெள்ளைப் பாதி மண்ணிலேயே நின்றுவிடும். செடியிலிருந்து ஒரு சாண் தள்ளி முள்கரண்டி மண்வெட்டியை ஆழமாக இறக்கி நெம்புங்கள். மறு கையால் தண்டின் அடியைப் பிடித்துத் தூக்கினால் முழுதாக வரும். வேரை 1 செ.மீ. விட்டு நறுக்கி, வெளி இலை ஒன்றை உரித்து, பச்சையை விசிறிபோலச் சாய்வாக வெட்டிக்கொள்ளுங்கள்.

வைத்திருந்து சமைப்பதென்றால் கழுவாமல், மண்ணை மட்டும் தட்டிவிட்டு, தளர்ந்த பையில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். இரண்டு வாரம் தாங்கும். சமைக்கும்போது, வேர்ப்பக்கம் 3 செ.மீ. விட்டு நெடுக்காகப் பிளந்து, ஓடும் தண்ணீரில் சுருளைப் புத்தகத் தாள்போல விரித்துக் கழுவுங்கள். பச்சை இலை தடித்தது. சூப்புக்குச் சாறெடுக்கப் பயன்படும். நாயும் பூனையும் உள்ள வீட்டில் கழிவை அவற்றுக்கு எட்டாமல் வையுங்கள். வெங்காயக் குடும்பம் முழுவதும் அவற்றின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். சமைத்தாலும் அந்த நச்சு போகாது.

பூந்தண்டு விட்டால், விதை வேண்டுமென்றால்

நடுவிலிருந்து உருண்டையான, கெட்டியான தண்டு எழுந்து நுனியில் கூரான மொட்டு தெரிந்தால் அது பூந்தண்டு. உடனே அந்தச் செடியை எடுத்துவிடுங்கள். நடுவில் உள்ள குச்சியை நீக்கிவிட்டால் சுற்றியுள்ள வெள்ளை சமையலுக்கு ஆகும். இன்னும் இரண்டு வாரம் போனால் குச்சி மரமாகிவிடும்.

விதைக்காக என்றால் நோயில்லாத, நேரான, நன்கு பருத்த செடிகளை விட்டுவையுங்கள். ஒன்று இரண்டு போதாது. தேனீக்களால் அயல் மகரந்தம் சேரும் பயிர் இது, குறைந்தது 16 செடியாவது இருந்தால்தான் அடுத்த தலைமுறை நலிவடையாது. அருகில் வேறு லீக்ஸ் ரகம் பூத்திருந்தால் இரண்டும் கலந்துவிடும், வெங்காயத்தோடு கலக்காது. பூந்தண்டு ஒன்றரை மீட்டர் வரை போகும், குச்சி நட்டுக் கட்டுங்கள். உருண்டைப் பூங்கொத்தில் மேலுள்ள உறைகள் வெடித்துக் கறுப்பு விதை தெரியும்போது, 20 செ.மீ. காம்போடு நறுக்கித் தாள் பையில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். இரண்டு, மூன்று வாரம் உலர்ந்ததும் கையால் கசக்கித் தண்ணீரில் போட்டால் பதர் மிதக்கும், முற்றிய விதை அடியில் தங்கும். அடங்கியதை உடனே வடித்து, நிழலில் துணிமேல் பரப்பி இரண்டு நாள் காயவைத்து, கண்ணாடிப் புட்டியில் இறுக மூடிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். புட்டி மேல் ரகத்தின் பெயரோடு ஆண்டையும் எழுதி ஒட்டுங்கள்.